சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில்: முதல் கடற்பயணத்துக்கு ஆயத்தமாகும் முறை

முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் செல்ல விரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணத்தையே நான் பரிந்துரைப்பேன். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட விமானப் பயணத்தில் அங்கே போய்ச் சேரலாம். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும்கூட நேரடி விமானங்கள் உள்ளன. மத்தியதரைக் கடல் பயணத்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கோ, மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்ல வேண்டிய அமெரிக்க விசாவுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்கும் சிரமம் இதில் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் கடல். ஒரு பக்கம் சுமத்ரா தீவும் மறுபக்கம் மலாய்த் தீபகற்பமும் அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். கடற்பயணமே அறியாத பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல இதைவிடப் பொருத்தமான நீர்ப்பரப்பு நமக்கு அருகில் இல்லை.

இப்பயணத்தின் சுகம், கப்பலில் ஏறிய பின் செலவழிக்கும் பணத்தைவிட, பதிவு செய்யும்போதே நாம் எடுக்கும் சில முடிவுகளைப் பொறுத்தது. எத்தனை இரவு, எந்த அறை, துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் சரியாகத் தீர்மானித்தவர்கள் நிம்மதியாகப் பயணம் செய்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்தவர்கள் கப்பலில் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கப்பல், எத்தனை இரவு

சொகுசுக் கப்பல் என்ற ஒரே பெயரில் இரு வேறு வகைக் கப்பல்கள் விற்கப்படுகின்றன. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள், முன்னர் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் எனப்பட்ட ஸ்டார்ட்ரீம் குரூசஸ் நிறுவனத்தின் ஜெண்டிங் ட்ரீம் போன்றவை, மூவாயிரம் நாலாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் மிதக்கும் நகரங்கள். நீச்சல் குளங்கள், நாடக அரங்கு, குழந்தைகளுக்கான சறுக்குகள், கேசினோ என எல்லாம் அவற்றில் உண்டு. ராயல் கரீபியன் கப்பல் பொதுவாக அக்டோபர், நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரையிலான பருவத்தில் சிங்கப்பூரை மையமாகக் கொண்டு ஓடும். சில்வர்சீ, சீபோர்ன் போன்ற நிறுவனங்களின் கப்பல்களோ ஏறத்தாழ அறுநூறு பேரை மட்டுமே ஏற்றுபவை. எல்லா அறைகளும் பெரியவை, உணவும் பானங்களும் பணியாளருக்கான டிப்ஸும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆசியாவில் பயணம் செய்யும் பருவத்தில் அவை சிங்கப்பூருக்கும் வருகின்றன. ஆயினும் அவற்றின் பயணங்கள் நீண்டவை, பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற வயதினர், குழந்தைகளுக்கான ஏற்பாடு மிகக் குறைவு. எனவே மூன்று தலைமுறையும் சேர்ந்து செல்லும் குடும்பத்துக்குப் பெரிய கப்பலில் நல்ல அறை எடுப்பதே சிறந்தது. தனிமையும் உபசாரமும் வேண்டுவோருக்கு ஜெண்டிங் ட்ரீம் கப்பலில் பேலஸ் எனப்படும் தனிப் பகுதி உண்டு. அப்பகுதியின் சூட் எனப்படும் விசாலமான அறைகளில் தங்குவோருக்குத் தனி நீச்சல் குளம், தனி உணவகம், பணிவிடைக்குத் தனியாள் ஆகியவை கிடைக்கும்.

இரண்டு இரவுப் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏறும் நாள் வரிசைகளிலும் அறையைக் கண்டுபிடிப்பதிலும் போய்விடும். இறங்கும் நாள் விடிந்ததுமே பெட்டி கட்டும் வேலை வந்துவிடும். இடையில் எஞ்சுவது ஒரே ஒரு முழுநாள். பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு துறைமுகங்களையும் எங்கும் நிற்காமல் கடலிலேயே கழியும் ஒரு முழுநாளையும் கொண்ட நான்கு அல்லது ஐந்து இரவுப் பயணமே முதல்முறைக்கு ஏற்றது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அந்தமான் கடல் கொந்தளிக்கக்கூடும் என்பதால், புக்கெட் செல்லும் பயணத்தை டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் அமைத்துக்கொள்வது நல்லது.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

அறைகள் பொதுவாக நான்கு வகைப்படும்: சன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் உள்ள கடல்நோக்கு அறை, பால்கனி அறை, சூட். பெரிய கப்பல்களில் பால்கனி அறையே சுமார் 200 சதுர அடிதான் இருக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஓட்டல் அறையை எதிர்பார்த்துச் செல்பவர்கள் கதவைத் திறந்ததும் திகைத்துப் போவார்கள். உள்ளறையில் விளக்கை அணைத்தால் நண்பகலிலும் கும்மிருட்டுதான். பகல் முழுவதும் வெளியே சுற்றும் இளைஞர்களுக்கு அது ஒரு குறையன்று. ஆனால் வயதான பெற்றோருடன் செல்கிறவர்கள் வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் பால்கனியில் பிடிக்க வேண்டாம். கூட்டத்தில் நடந்து களைத்த அம்மாவோ அப்பாவோ மாலையில் நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க அந்தச் சிறு இடம் போதும். பயணத்தில் அவர்களுக்கு மிகவும் பிடித்த நேரமாக அதுவே அமைந்துவிடுவது உண்டு.

வகையைப் போலவே அறையின் இருப்பிடமும் முக்கியம். கப்பலின் முன்முனையும் பின்முனையும் மேல்தளங்களும் அதிகமாக ஆடும்; நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் இருக்கும் அறை குறைவாக ஆடும். பதிவு செய்யும்போது இணையத்தில் கிடைக்கும் தளவரைபடத்தைத் திறந்து, நாம் எடுக்கும் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலும் கீழும் பயணியர் அறைகளே இருந்தால் அமைதி கிடைக்கும். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியுமுன்னே சாய்வு நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். கீழே நாடக அரங்கோ மதுக்கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை இசை கேட்கும். அறையைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும் என்ற நிபந்தனையுடன் வரும் மலிவுக் கட்டணத்தில் இந்த உரிமையை இழந்துவிடுவோம் என்பதால், தலைசுற்றல் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

உண்மையான செலவு

விளம்பரத்தில் காணும் கட்டணம், இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு உரியது. தனியாகச் செல்பவர் பெரும்பாலும் ஏறத்தாழ இருவருக்கான தொகையையே செலுத்த நேரிடும். அதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரிகளும் வரும். பணியாளருக்கான டிப்ஸ் நாள்தோறும் தானாகவே கணக்கில் ஏறும். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் அது தலைக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு இதுவே 288 டாலருக்கு மேல் ஆகும். குழந்தைக்கும் இதே தொகைதான். நம் அறையைத் தினமும் துப்புரவு செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் போய்ச் சேரும் பணம் அது. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் உழைப்பவர்கள் அவர்கள். எனவே வரவேற்பு மேசையில் நின்று அதை நீக்கச் சொல்லி வாதாடுவதைவிட, முதலிலேயே பயணச் செலவின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்வதுதான் முறை.

இவை தவிர இணைய வசதி, சிறப்பு உணவகங்கள், மதுவும் குளிர்பானங்களும், கரையில் நடத்தப்படும் சுற்றுலாக்கள் ஆகியவை தனிக் கட்டணம் உடையவை. முன்பணம் கட்டி வாங்கும் பானத் தொகுப்புகளில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: பல நிறுவனங்களில் ஓர் அறையில் ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும், குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. தண்ணீர், தேநீர், சாதாரண காப்பி, பஃபே உணவு, முதன்மை உணவுக்கூடம் எல்லாம் கட்டணத்தில் அடங்கியவையே என்பதால், வேறு எதையும் வாங்காமலே வயிறார உண்டு மகிழ்ந்து வரவும் முடியும்.

இந்தியாவில் உள்ள பயண முகவர் வழியாகத் தொகுப்பாகப் பதிவு செய்தால் டிசிஎஸ் என்ற வரி, அதாவது விற்பவரே நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, முன்கூட்டியே பிடிக்கப்படும்; அதற்கான சான்றைப் பெற்று வைத்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். முழுத்தொகையைப் பயணத்துக்குச் சுமார் 75 முதல் 90 நாள்களுக்கு முன்பே கட்டி முடிக்க வேண்டியிருக்கும். அதன்பின் ரத்து செய்தால் இழப்பு படிப்படியாகக் கூடும். ஆகவே விடுப்பு உறுதியாகும் முன் அந்தத் தேதியைக் கடந்துவிடக் கூடாது.

ஆவணங்கள்

சிங்கப்பூர் விசாவை அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியே பெற வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி வேறு நாட்டைத் தொட்டுத் திரும்பும்போது நாம் மீண்டும் ஒருமுறை சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். ஆகவே விசா கைக்கு வந்ததும் அது பலமுறை நுழைவுக்கு உரியதுதானா, திரும்பும் நாளுக்குப் பின்னும் செல்லுபடியாகுமா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். விமானத்தில் வந்து இறங்கும்போதும் கப்பலில் திரும்பும்போதும் சிங்கப்பூர் வருகை அட்டையைத் தனித்தனியாக இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் செய்யலாம். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் உள்ளன என்பதால் குடிநுழைவுத் துறையின் தளத்தையே பயன்படுத்துங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா விலக்கு அளித்து வருகிறது. தாய்லாந்து அதற்குச் சற்று முன்பே, 2023 நவம்பரில், அத்தகைய சலுகையைத் தொடங்கியது. இவை அவ்வப்போது மாறுபவை என்பதால், பதிவு செய்யும் முன் ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் ஒருமுறையும் கப்பல் நிறுவனத்திடமே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு பயணம் முடிந்த பின்னும் ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும், 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணிகளையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றிக்கொள்வதில்லை. கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அவருடைய கட்டணம் தனி, அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் ஆகும் செலவு மிகப் பெரியது. எனவே கடற்பயணத்தையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் புறப்பட வேண்டாம்.

பெட்டியில் என்ன வைப்பது, எதை விடுவது

நம் வீட்டுப் பெட்டிகளில் வழக்கமாக ஏறும் சில பொருள்களைக் கப்பல் அனுமதிப்பதில்லை. இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், சிறிய ரைஸ் குக்கர், தண்ணீர் காயவைக்கும் கம்பி, நீட்டிப்பு மின்வடம் ஆகியவை சோதனையில் எடுத்து வைக்கப்படும். நடுக்கடலில் கப்பலுக்கு நெருப்பைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பதே காரணம். வீட்டில் அரைத்த பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றையும் பல கப்பல்கள் ஏற்பதில்லை. முத்திரை பிரிக்காத கடைப் பொட்டலங்களைப் பொதுவாக அனுமதிப்பார்கள். சைவ உணவு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டு, முதல் இரவு உணவின்போது உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொன்னால், மறுநாளைய உணவை முன்கூட்டியே கேட்டுச் சமைத்துத் தருவார்கள். முட்டை சேர்க்கலாமா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்பதையும் அப்போதே விளக்கிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து செல்லும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளம் என்பதால் இந்திய உணவு கிடைப்பது அரிதன்று.

கப்பலின் மின்செருகிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வகையைச் சேர்ந்தவை. அடாப்டர் ஒன்று வேண்டும். விருந்து இரவுக்கென்று கோட்டு தைக்கத் தேவையில்லை, பட்டுப் புடவையும் நல்ல குர்தாவும் தாராளமாகப் பொருந்தும். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் பெரியவர்களுக்கு ஒரு சால்வை அவசியம். கடல்நோய்க்கான மாத்திரையை, நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஆவோமின் போன்றதை, மருத்துவரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றிய பின் விழுங்குவதைவிடப் புறப்படும் முன்பே விழுங்கினால்தான் பலன் தெரியும்.

ஏறும் நாள்

விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் சென்று தங்கிவிடுங்கள். பெரிய கப்பல்கள் பல புறப்படும் மரினா பே குரூஸ் சென்டர் 2012இல் திறக்கப்பட்ட பெரிய முனையம். மரினா சவுத் பியர் ரயில் நிலையத்திலிருந்து எளிதில் போகலாம் என்றாலும், பெட்டிகளோடு செல்பவர்களுக்கு டாக்சியே வசதி. நுழைவாயிலில் பெட்டிகளை ஒப்படைத்தால் அவை பல மணி நேரம் கழித்தே அறைக்கு வரும். சில வேளை இரவு உணவுக்குப் பின்னும் வரலாம். அதனால் கடவுச்சீட்டு, மருந்துகள், நகை, ஒரு மாற்றுடை, குழந்தைகளின் நீச்சல் உடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்குள் ரொக்கத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. அறை அட்டையே பணப்பை. அதனுடன் இணைக்கும் கடன் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயங்கும்படி ஊரிலேயே மாற்றி வைத்திருக்க வேண்டும். டெபிட் அட்டையைக் கொடுத்தால் முன்தொகையாக வங்கிக் கணக்கில் பணம் முடக்கப்பட்டுப் பல நாள் கழித்தே விடுவிக்கப்படலாம்.

புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை யாரும் சடங்காகக் கருத வேண்டாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று மாலையில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை, ஏனெனில் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 ஜனவரி முதல் பன்னாட்டு விதி மாற்றப்பட்டு, கப்பல் கிளம்பும் முன்னரோ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயமாயிற்று. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் சேர்ந்ததே அபாய அறிவிப்பு. குடும்பம் கூட வேண்டிய இடத்தின் எண் அறை அட்டையில் அச்சாகியிருக்கும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு, லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கப்பல் நகரத் தொடங்கியதும் கைபேசியை விமான நிலைக்கு (ஃபிளைட் மோடு) மாற்றிவிட வேண்டும்; இல்லையேல் அது கடல்வழிச் செயற்கைக்கோள் வலைப்பின்னலில் தானே இணைந்து, ஊர் திரும்பியதும் பெரும் கட்டணச் சீட்டைக் கொண்டுவரும்.

துறைமுகங்களில்

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுனை ஒட்டியே உள்ளது. ஆகவே இங்கே கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. நடந்து சென்றால் லிட்டில் இந்தியாவும், குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு பிணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அடுத்தடுத்து வரும். கடைவாசலில் தமிழ்ப் பாட்டு கேட்கும், தமிழிலேயே விலை பேசலாம். மதியம் நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் இரண்டு மூன்று குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், பஃபே நினைவே வராது.

கிள்ளான் துறைமுகத்தில் நிலைமை வேறு. கோலாலம்பூருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசலில் இன்னும் கூடும். பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முருகனைக் கண்டுவிட்டு இரட்டைக் கோபுரத்தையும் பார்க்க நினைத்தால் திரும்பும் நேரம் நெருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இங்கே கப்பலின் சொந்தச் சுற்றுலாவே பாதுகாப்பு, ஏனெனில் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது.

புக்கெட்டில் பல பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கும். அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் கால் வைக்க வேண்டியிருப்பதால், சக்கர நாற்காலி தேவைப்படுவோரை அனுமதிக்காமலும் இருக்கலாம். அவர்களுக்கு அன்று கப்பலிலேயே இனிய நாள் ஒன்றை முன்கூட்டியே திட்டமிடுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, நம் கைபேசி மட்டும் கரையில் இறங்கியதும் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால், மணி நான்கு என்று நம்பி நாம் கடற்கரையில் இருக்கும்போது கப்பலில் ஐந்தாகியிருக்கும். எனவே கப்பல் நேரத்தில் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கடைசிப் படகின் நேரத்தைத் தினசரி அறிவிப்பில் பார்த்துக் குறித்துக்கொண்டே இறங்க வேண்டும். அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே படகுத்துறைக்கு வந்துவிடுவது நல்லது.

கப்பலுக்குத் திரும்பியதும், சாப்பிடும் முன்பும், சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணமான நோரோ கிருமியைச் சானிடைசர் எனப்படும் கைச்சுத்திகரிப்புத் திரவம் சரியாக அழிப்பதில்லை.

இறங்கும்போது

கடைசி இரவில் பெட்டிகளை அடையாளச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் உடையையும் மருந்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கை அன்றிரவே சரிபார்த்து, தவறு இருந்தால் வரவேற்பு மேசையில் திருத்திவிடுங்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். மலேசியாவிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு வருபவர்களுக்கு மதுபானத்துக்கான வரிவிலக்குக் கிடையாது என்பதால், கப்பல் கடையில் வாங்கும் முன் கடைசித் துறைமுகம் எது என்று பாருங்கள். குடிநுழைவுச் சோதனை, பெட்டி தேடல், சாங்கி விமான நிலையம் வரையிலான பயணம் எல்லாம் சேர்ந்து எதிர்பார்ப்பதைவிட அதிக நேரம் எடுக்கும். காலை ஏழு மணிக்குக் கப்பல் துறையை அடையும் என்றாலும் ஊர் திரும்பும் விமானத்தைப் பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணிக்குப் பின்னரே பதிவு செய்யுங்கள்.